நம்பிக்கை என்னும் வழித்துணை



தமிழில் நம்பிக்கை என்னும் ஒரு சொல்லைப் பல பொருளில் வழங்குகிறோம். நண்பன்மேல் வைப்பதும் நம்பிக்கை. கடவுள்மேல் வைப்பதும் நம்பிக்கை. நாளை மழை பெய்யும் என்று உழவன் வானத்தைப் பார்த்திருப்பதும் நம்பிக்கையே. கிறிஸ்தவ வேதத்தைத் தமிழில் பெயர்த்தவர்கள் இவற்றைப் பிரித்து வைத்தார்கள். கடவுளைப் பற்றிக்கொண்டு நிற்பதை விசுவாசம் என்றார்கள். இன்னும் கண்ணுக்குப் புலப்படாத நன்மையை எதிர்நோக்கிப் பொறுமையோடு காத்திருப்பதற்கு நம்பிக்கை என்ற சொல்லை ஒதுக்கினார்கள். பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்ற மூன்றும் ஒருங்கே நிற்பதை உங்களிற் சிலர் படித்திருக்கக்கூடும். விசுவாசத்தைப் பற்றிப் பேசுவோர் பலர். அன்பைப் பற்றிப் பேசுவோர் அவர்களினும் பலர். இடையில் நிற்கும் நம்பிக்கையைப் பற்றிய பேச்சு மட்டும் குறைவாகவே காதில் விழுகிறது.

துன்பம் வந்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்ட காலத்தில் இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? அவரவர் நெஞ்சுரத்திலிருந்து ஊறுகிறது என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். நான் அவ்வாறு எண்ணவில்லை. பிறர் கையிலிருந்து நமக்கு வந்து சேர்வது அது என்பது என் கருத்து. இக்கருத்தை எனக்குத் தந்தவர் 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஜான் பன்யன் என்னும் பாத்திரத் தொழிலாளி. அவர் எழுதிய நூலைப் பலர் அறிவார்கள். அந்நூலுக்குப் பின்னால் நின்ற மனிதர்களைச் சிலரே அறிவார்கள். அவர்களைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பெட்போர்டு நகரை அடுத்த சிற்றூர் எல்ஸ்டோ. அவ்வூர்க் கோயிலில் 1628ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் பன்யனுக்கு ஞானஸ்நானம் நடந்தது. தந்தை ஊர் ஊராகச் சென்று ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துக் கொடுத்துப் பிழைத்தவர். மகனும் அத்தொழிலையே கற்றார். எழுதப் படிக்கத் தெரிந்ததோடு அவருடைய கல்வி நின்றது. 1644ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தாய் இறந்தார். அடுத்த மாதம் தங்கை இறந்தாள். அவ்வாண்டின் கோடை கழிவதற்குள் தந்தை மறுமணம் செய்துகொண்டார். நவம்பரில், பதினாறு வயது நிரம்பும் நேரத்தில், பன்யன் பாராளுமன்றத்தின் படையில் சேர்ந்தார். மன்னர் முதலாம் சார்லசுக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டிருந்த காலம் அது. ஒரு முறை முற்றுகைக்குச் செல்ல அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். புறப்படும் வேளையில் வேறொரு வீரன் தான் போவதாக வேண்டிக்கொண்டு அவருக்குப் பதிலாகச் சென்றான். காவல் நின்றபோது தலையில் குண்டு பாய்ந்து இறந்தான். பிற்காலத்தில் பன்யன் இதை மிகச் சுருக்கமாக எழுதினார். அதிகம் பேச முடியாத நினைவுகளைத்தான் மனிதர் இப்படிச் சுருக்கி எழுதுவார்கள்.

போர் முடிந்து திரும்பியவர் ஓர் ஏழைப் பெண்ணை மணந்தார். அவள் பெயர் வரலாற்றில் இல்லை. இருவரும் இல்லறம் தொடங்கியபோது வீட்டில் ஒரு தட்டும் இல்லை, ஒரு கரண்டியும் இல்லை. ஊரார் பாத்திரங்களையெல்லாம் செப்பனிட்டவர் வீட்டின் நிலை இது. மனைவி சீதனமாகக் கொண்டுவந்தவை அவளுடைய தந்தை விட்டுச்சென்ற இரண்டு பக்தி நூல்கள். மாலை வேளைகளில் இருவரும் சேர்ந்து அவற்றைப் படித்தார்கள். 1650ஆம் ஆண்டில் முதற்குழந்தை மேரி பிறந்தாள். அவளுக்குப் பிறவியிலேயே கண்பார்வை இல்லை.

இக்காலத்தில்தான் பன்யன் கொடிய மனச்சோர்வில் விழுந்தார். கொலையோ களவோ செய்தவரல்லர் அவர். விளையாட்டிலும் நடனத்திலும் கோயில் மணி அடிப்பதிலும் பெருவிருப்பம் கொண்டிருந்தார். வாய்க்கு வந்தபடி சபதம் செய்யும் பழக்கமும் இருந்தது. ஆயினும் தமக்கு மன்னிப்பே இல்லை என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. ஒரு வேளை உணவுக்காகப் பிறப்புரிமையை விற்ற ஏசாவைப் போலத் தாமும் கிறிஸ்துவை விற்றுவிட்டதாக நம்பி ஆண்டுக் கணக்கில் துடித்தார். வேதத்தில் ஒரு வசனம் அவரைத் தூக்கி நிறுத்தும். மறு வசனம் தள்ளி வீழ்த்தும். 1666ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய தன்வரலாற்றில் இவ்வவதியை அவர் விவரித்துள்ளார். இதற்கு இக்கால மருத்துவர்கள் ஒரு பெயர் வைக்கக்கூடும். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்தவருக்கு மருந்துச் சீட்டு எழுதுவதில் எனக்கு விருப்பமில்லை. அந்த இருளில் அவருக்கு வெளிச்சம் காட்டியது யார் என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

ஒரு நாள் அவர் தொழிலின் பொருட்டுப் பெட்போர்டு வீதியில் சென்றார். ஒரு வீட்டு வாயிலில் மூன்று நான்கு ஏழைப் பெண்கள் வெயிலில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். சமயப் பேச்சில் அப்போதே அவருக்கு வாய் உண்டு. ஆகையால் தாமும் கலந்துகொள்ளலாம் என்று அருகில் சென்றார். அவர்கள் பேசியது அவருக்கு விளங்கவில்லை. தங்கள் குறைகளையும் கடவுள் தங்களைத் தேற்றிய விதத்தையும் பற்றி அவர்கள் பேசிய பேச்சில் ஒரு மகிழ்ச்சி இருந்தது. அம்மகிழ்ச்சி தம்மிடம் இல்லை என்பதை அவர் அங்கேயே உணர்ந்தார். அந்தப் பெண்களின் பெயரை அவர் எழுதி வைக்கவில்லை. வேலைக்கு இடையில் சற்றே வெயில் காய வந்தவர்களாக இருக்கலாம். ஆங்கில இலக்கியத்தின் போக்கை மாற்றிய உரையாடல்களில் அதுவும் ஒன்று என்று சொன்னால் அவர்களே நம்பியிருக்க மாட்டார்கள்.

அப்பெண்கள் அவரைத் தங்கள் போதகர் ஜான் கிப்போர்டிடம் அனுப்பினார்கள். கிப்போர்டின் கதையும் விசித்திரமானது. அவர் மன்னர் படையில் அதிகாரியாக இருந்து, பிடிபட்டுத் தூக்குத் தண்டனை பெற்று, சகோதரியின் உதவியால் தப்பி, பெட்போர்டில் மருத்துவராகக் குடியேறி, பிறகு மனம் மாறிப் போதகரானவர். பாராளுமன்றப் படையில் இருந்த பன்யனுக்கு முன்னாள் எதிரியே ஆன்மிகத் தந்தையானார். இதே காலத்தில் பன்யன் கைக்கு ஒரு பழைய நூல் கிடைத்தது. தொட்டால் உதிரும் நிலையில் இருந்த அந்நூல், கலாத்தியருக்கு எழுதிய நிருபத்துக்கு மார்ட்டின் லூதர் எழுதிய விளக்கம். தம் நெஞ்சிலிருந்தே யாரோ எழுதி வைத்தாற்போல் அது அவருக்குத் தோன்றியது. தாம் படும் பாட்டை வேறொரு நாட்டில், ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, ஒருவர் பட்டிருக்கிறார் என்று அறிவதே பாதி மருந்து.

முதல் மனைவி 1658ஆம் ஆண்டில் இறந்தாள். நான்கு குழந்தைகளோடு நின்ற பன்யன் அடுத்த ஆண்டு எலிசபெத்து என்னும் இளம்பெண்ணை மணந்தார். இவ்வம்மையாரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குள் பன்யன் பெயர் பெற்ற பிரசங்கியாகிவிட்டார். 1660ஆம் ஆண்டு மே மாதத்தில் இரண்டாம் சார்லசு அரியணை ஏறினார். அரசாங்கத் திருச்சபைக்குப் புறம்பாகக் கூடி வழிபடுவோருக்கு இடர்க்காலம் திரும்பியது. அவ்வாண்டு நவம்பர் 12ஆம் நாள் சாம்சல் என்னும் சிற்றூரில் ஒரு வீட்டில் பேச அழைத்திருந்தார்கள். கைதாகப் போகிறோம் என்பது முன்னரே தெரிந்தும் அவர் ஓடவில்லை. தாம் ஓடினால் எளிய விசுவாசிகள் மனம் தளர்வார்கள் என்று கருதித் தோட்டத்தில் சற்று உலவி வந்து கூட்டத்தைத் தொடங்கினார். காவலர் வந்து அழைத்துச் சென்றனர். எலிசபெத்து அரசியின் காலத்தில், 1593இல், பிறந்த ஒரு பழைய சட்டம் அவர்மேல் பாய்ந்தது. மூன்று மாதச் சிறை. அதன் பின்னும் பிரசங்கத்தை விடாவிட்டால் நாடு கடத்தல். அனுமதியின்றித் திரும்பினால் தூக்கு. இனிப் பேசமாட்டேன் என்ற ஒரு சொல் போதும். அன்றே வீடு திரும்பலாம். அவர் அச்சொல்லைச் சொல்லவில்லை. மூன்று மாதம் பன்னிரண்டு ஆண்டாக நீண்டது.

இங்கே நம் கண்கள் சிறைக்குள் செல்லுகின்றன. சற்றே வெளியில் நில்லுங்கள். சிறைக்கு வெளியே ஒரு வீடு இருந்தது.

கணவர் கைதான செய்தி வந்தபோது எலிசபெத்து கருவுற்றிருந்தார். அதிர்ச்சியால் காலத்துக்கு முன்பே பேற்றுநோவு கண்டது. எட்டு நாள் நோவுக்குப் பின் பிறந்த குழந்தை இறந்தது. முதல் தாரத்தின் நான்கு குழந்தைகளையும் வளர்க்கும் பொறுப்பு இளம்பெண்ணான அவர் தலையில் வந்து வீழ்ந்தது. நல்லோர் சிலர் தந்த உதவியே அவர்களுக்கு உணவாயிற்று. இந்நிலையில் அவர் இலண்டன் வரை சென்று பிரபுக்கள் சபையைச் சேர்ந்த ஒருவரிடம் விண்ணப்பம் கொடுத்தார். அது பெட்போர்டுக்கு வரும் நீதிபதிகளின் கையில் உள்ள காரியம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

1661ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நீதிபதிகள் வந்தனர். எலிசபெத்து மூன்று முறை விண்ணப்பித்தார். சர் மாத்யூ ஹேல் என்னும் நீதிபதி மனுவை அன்போடு வாங்கினார். தம்மால் ஆவதைச் செய்வதாகவும், ஆனால் ஒன்றும் ஆகாதென்றே அஞ்சுவதாகவும் கூறினார். மறுநாள் டுவிஸ்டன் என்னும் நீதிபதியின் வண்டிக்குள் மற்றொரு மனுவை எறிந்தார். அவர் சீறி விழுந்தார். மீண்டும் ஹேலிடம் சென்றபோது உள்ளூர் அதிகாரி ஒருவர் குறுக்கிட்டுத் தடுத்தார். நாணமும் நடுக்கமும் கொண்டிருந்த அப்பெண் அத்துடன் வீடு திரும்பியிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் திரும்பவில்லை. நீதிபதிகளும் கனவான்களும் கூடியிருந்த ஸ்வான் விடுதியின் அறைக்குள்ளேயே நுழைந்துவிட்டார்.

அந்த அறையில் நடந்ததைக் கணவர் பின்னர் எழுத்தில் வைத்தார். பன்யன் பிரசங்கத்தை விடுவாரா என்று கேட்டார்கள். பேச நா உள்ளவரை விடத் துணியமாட்டார் என்று அம்மையார் சொன்னார். வறுமையைப் போர்வையாகக் கொண்டு இவள் பேசுகிறாள் என்று டுவிஸ்டன் கடிந்தார். ஹேல் இரக்கத்தோடு எத்தனை குழந்தைகள் என்று வினவினார். நால்வர், ஒருத்திக்குக் கண் தெரியாது என்று விடை வந்தது. கணவனின் தொழில் யாது என்று அவர் கேட்டதற்குப் பாத்திரம் அடைப்பவன் என்று பல குரல்கள் எழுந்தன. அப்போது அம்மையார், ஆம், அத்தொழிலாளி என்பதாலும் ஏழை என்பதாலும்தான் அவரை இகழ்கிறார்கள், நீதி கிடைக்கவில்லை என்று அவர்கள் முகத்துக்கு நேரே கூறினார். எளியவர்கள் வாய் திறவாத காலத்தில் ஓர் ஏழைப் பெண் நாட்டின் உயர் நீதிபதிகள் முன் கூறிய சொல் இது. ஹேல் அவருக்குச் சட்ட வழிகளை எடுத்துரைத்தார். அவற்றில் நடக்கப் பணம் வேண்டும். அவரிடம் அது இல்லை. அறையை விட்டு வெளியேறும்போது அம்மையார் அழுதார். தம் துயரத்துக்காக மட்டும் அழவில்லை என்றும், இம்மனிதர்கள் ஒரு நாள் கடவுளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்குமே என்று எண்ணி அழுததாகவும் பின்னர்க் கூறினார்.

மாணவர்களே, பன்யன் செய்தது சரியா என்ற கேள்வி உங்கள் மனத்தில் எழும். எழ வேண்டும். மனச்சாட்சிக்கு அவர் செலுத்திய விலையில் பெரும்பகுதி மனைவி மக்களின் கையிலிருந்து போயிற்று. அவரே இதை நன்றாக அறிந்திருந்தார். தம் வீட்டைத் தாமே மனைவி மக்கள் தலைமேல் இடித்துத் தள்ளுவதாக உணர்ந்தார். கண்ணில்லாத மேரி பசியிலும் குளிரிலும் பிறர் கையை எதிர்பார்த்து நிற்பாளே என்ற நினைவு மற்ற எல்லாவற்றையும்விட அவரை வாட்டியது. தூக்குமேடையைப் பற்றிய அச்சமும் இருந்தது. ஏணியில் ஏறும்போது கால் நடுங்கி முகம் வெளுத்தால் தம் சமயத்துக்கு இழிவு வருமே என்று கலங்கினார். வீரர் என்று நாம் சிலை வைப்பவர்கள் இத்தகைய பக்கங்களை எழுதி வைப்பது அரிது. அவர் எழுதி வைத்தார் என்பதற்காகவே எனக்கு அவரிடம் மதிப்பு மிகுதி.

சிறையில் பாத்திரத் தொழில் செய்ய வழியில்லை. ஆகவே நுனியில் உலோகப் பூண் இட்ட நாடாக்களைச் செய்யக் கற்றார். அக்காலத்து உடைகளை இழுத்துக் கட்ட உதவும் எளிய பொருள் அது. ஆயிரக்கணக்கில் செய்தார். அவை விற்ற காசு எலிசபெத்தின் வீட்டு அடுப்புக்குப் போயிற்று. கையில் நாடா, பக்கத்தில் வேதாகமமும், பாக்சு எழுதிய இரத்தசாட்சிகளின் வரலாறும். பன்னிரண்டு ஆண்டுகளின் பெரும்பகுதி இவ்வாறுதான் சென்றிருக்க வேண்டும். நம்பிக்கை என்றதும் விண்ணை நோக்கிய முகத்தை ஓவியர்கள் தீட்டுகிறார்கள். குனிந்த தலையும் நாடாவில் பூண் இறுக்கும் விரல்களுமாக அதைத் தீட்டினால் பொருத்தமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அச்சிறையைப் பற்றி ஒரு செய்தி. 1773ஆம் ஆண்டில் ஜான் ஹாவர்டு என்பவர் அம்மாவட்டத்தின் ஷெரீப்பாகப் பதவி ஏற்று அங்குள்ள கைதிகளைப் பார்வையிட்டார். சிறைக் காவலர்க்குச் சம்பளம் கிடையாது. கைதிகள் செலுத்தும் கட்டணமே வருவாய். குற்றமற்றவன் என்று விடுதலை பெற்றவனும் அக்கட்டணத்தைக் கட்டும்வரை உள்ளேயே கிடந்தான். இதைக் கண்டு மனம் கொதித்த ஹாவர்டு நாட்டுச் சிறைகள் அனைத்தையும் ஆராயப் புறப்பட்டார். சிறைச் சீர்திருத்தத்தின் வரலாறு பெட்போர்டில் தொடங்குகிறது.

1672ஆம் ஆண்டில் மன்னர் சமயத் தளர்வு ஆணை பிறப்பித்தார். பன்யன் வெளியே வந்தார். சில ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஏறத்தாழ ஆறு மாதம் சிறை. 1678ஆம் ஆண்டில் அவருடைய பரதேசியின் பயண நூல் இலண்டனில் வெளிவந்தது. அழிவின் நகரத்திலிருந்து விண்ணகரத்துக்கு நடந்து செல்லும் கிறிஸ்தியான் என்பவனின் கனவுக் கதை அது.

அக்கதையில் நம் பொருளுக்குரிய ஒரு நுட்பம் உண்டு. கிறிஸ்தியானுக்கு முதலில் வாய்க்கும் துணைவன் விசுவாசமே உருவானவன். மாயச் சந்தை என்னும் ஊரில் அவனைப் பிடித்து எரித்துவிடுகிறார்கள். அவனுடைய மரணத்தைக் கண்ட அவ்வூர் இளைஞன் ஒருவன் மனம் மாறிக் கிறிஸ்தியானோடு புறப்படுகிறான். அவன் பெயர் நம்பிக்கையன். நூலாசிரியர் நம்பிக்கையை ஒரு குணமாக வைக்கவில்லை, ஆளாக வைத்தார். அதுவும் மற்றொருவனின் துன்பத்தைப் பார்த்ததிலிருந்து பிறந்த ஆள்.

கரடுமுரடான பாதையை விட்டுப் புல்வெளி வழியே நடந்த இருவரும் அவநம்பிக்கை என்னும் அரக்கனின் கோட்டையில் அகப்படுகிறார்கள். புதன் காலை முதல் சனி இரவு வரை சோறில்லை, நீரில்லை, வெளிச்சமில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளுங்கள் என்று அரக்கன் யோசனை சொல்லுகிறான். கிறிஸ்தியான் தளர்ந்து அதையும் எண்ணிப் பார்க்கிறான். இத்தனை சிறைகளும் சோர்வுகளும் கண்ட ஆசிரியர் இவ்விடத்தை மூடி மறைக்கவில்லை. அப்போது நம்பிக்கையன் பேசும் பேச்சைக் கவனியுங்கள். அவன் தத்துவம் எதுவும் பேசவில்லை. அரக்கன் இறந்துபோகலாம், கதவைப் பூட்ட மறக்கலாம், வெயில் நாளில் அவனுக்கு வரும் வலிப்பு மறுபடி வந்து கை சோரலாம், இன்னும் சிறிது பொறுப்போம் என்கிறான். நீ முன்பு கடந்துவந்த ஆபத்துகளை எண்ணிப் பார் என்கிறான். மிக எளிய சொற்கள். நோயாளியின் கட்டில் அருகே நம் பாட்டிமார் சொல்லும் சொற்களும் ஏறத்தாழ இவையே. சனி நள்ளிரவில் இருவரும் ஜெபிக்கத் தொடங்குகிறார்கள். விடியுமுன் கிறிஸ்தியான், வாக்குத்தத்தம் என்னும் சாவி தன் மடியிலேயே இருந்ததை நினைவுகூர்கிறான். சாவி அவனுடையதுதான். ஆனால் அதை நினைக்கும் அளவுக்கு அவனை உயிரோடு வைத்திருந்தவன் துணைவன்.

இந்நூல் தமிழகத்துக்கு நெடுநாள் உறவு. சாமுவேல் பவுல் ஐயரின் மோட்சப் பிரயாணம் என்ற மொழிபெயர்ப்புத் தமிழ்க் கிறிஸ்தவ இல்லங்களில் வேதாகமத்துக்கு அடுத்த இடத்தில் இருந்தது. திருநெல்வேலிச் சீமையில் கரையிருப்பு என்னும் ஊரில் 1827ஆம் ஆண்டு வைணவக் குடியில் பிறந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்ற ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ணபிள்ளை, இக்கதையைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் என்னும் பெருங்காப்பியம் பாடினார். அது 1894ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. கம்பனில் தோய்ந்த உள்ளம் அவருடையது. பெட்போர்டுத் தொழிலாளியின் உரைநடை பொருநைக் கரையில் விருத்தப்பாவாயிற்று. தமிழ் மாணவர் இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பாராயின், ஒரு மொழியின் எளிமையும் மற்றொன்றின் வளமும் ஒரே கருத்தை எவ்வாறு தாங்குகின்றன என்பதைக் காணலாம். அது தனிப் பேச்சுக்குரிய பொருள்.

முதற்பாகத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. கதைத் தலைவன் காதைப் பொத்திக்கொண்டு மனைவி மக்களை விட்டு ஓடுகிறான். ஸ்வான் விடுதியின் அறையை அறிந்தவர்களுக்கு அக்காட்சி எளிதில் செரிக்காது. ஆசிரியருக்கும் செரிக்கவில்லை போலும். 1684ஆம் ஆண்டில் இரண்டாம் பாகம் எழுதினார். அதில் பயணம் செய்பவள் கிறிஸ்தியானின் மனைவி; நான்கு பிள்ளைகளும் உடன் வருகிறார்கள். வழியில் ஒவ்வொருவராகச் சேர்கிறார்கள்: கோலூன்றி நடக்கும் நொண்டி, மனம் பலவீனமானவன், அவநம்பிக்கை அரக்கனின் கோட்டையிலிருந்து மீட்கப்பட்ட ஒரு தந்தையும் மகளும். பெருநெஞ்சன் என்னும் காவலன் இவர்களை நடத்திச் செல்லுகிறான். வேகமாக நடக்கக் கூடியவர்களும் மெதுவாகவே நடக்கிறார்கள்.

அப்பாகத்தில் அச்சமே உருவான ஒருவனின் கதையைப் பெருநெஞ்சன் சொல்லுகிறான். அவன் துரும்பைக் கண்டாலும் தயங்குவான். விண்ணகரத்தில் தன்னை ஏற்பார்களோ என்று வழியெல்லாம் நடுங்குவான். ஆனால் ஒரு முறையும் பின்வாங்கியதில்லை. நகரத்துக்கு முன்னால் பாலமற்ற ஓர் ஆறு ஓடுகிறது, அது மரணம். முதற்பாகத்தில் தலைவனாகிய கிறிஸ்தியானே அதில் மூழ்கத் தொடங்க, நம்பிக்கையன்தான் அவன் தலையை நீருக்கு மேல் தாங்கிப் பிடித்து, தன் காலில் தரை தட்டுகிறது என்று சொல்லித் தேற்றினான். இந்த அச்சக்காரன் கரைக்கு வந்த நாளிலோ, பெருநெஞ்சன் வாழ்நாளில் கண்டிராத அளவுக்கு நீர் வற்றியிருந்தது. கால் நனைந்ததற்கு மேல் அதிகமின்றி அவன் கடந்து போனான்.

பன்யனின் இறுதிக் காலத்தில் மீண்டும் மேகம் திரண்டது. 1685ஆம் ஆண்டில் இரண்டாம் ஜேம்சு அரசரானார். மறுபடி சிறைக்கு இழுத்துச் செல்வார்களோ, உடைமைகளைப் பறிமுதல் செய்வார்களோ என்ற ஐயம் பன்யனுக்கு இருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 23ஆம் நாள் ஒரு பத்திரம் எழுதினார். தம் உடைமை யாவும் அன்புள்ள மனைவி எலிசபெத்துக்கு உரியவை என்று அதில் எழுதிக் கையொப்பமிட்டார். அப்போது அவர் இங்கிலாந்தெங்கும் படிக்கப்பட்ட நூலாசிரியர். ஆயினும் பத்திரத்தில் தம் தொழிலைப் பாத்திரத் தொழில் என்றே குறித்தார். பிறர் கையில் சிக்காதபடி அதை வீட்டுப் புகைபோக்கியின் செங்கல்லுக்குப் பின்னால் மறைத்து வைத்தார்.

1688ஆம் ஆண்டில் ஒரு தந்தைக்கும் மகனுக்கும் இருந்த பகையைத் தீர்க்கச் சென்றவர், அங்கிருந்து இலண்டனுக்கு மழையில் நனைந்தபடி குதிரையில் வந்தார். காய்ச்சல் கண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் அங்கேயே இறந்தார். கண்ணில்லாத மேரி அவருக்கு முன்னரே இறந்துவிட்டாள். மறைத்து வைத்த பத்திரம் எலிசபெத்தின் கைக்குக் கிடைக்கவில்லை. சட்டப்படி மனுச் செய்தே உடைமையைப் பெற்றார். அதன் மதிப்பு 42 பவுன் 19 ஷில்லிங். அம்மையார் மூன்றாண்டுகளுக்கு மேல் அதிகம் வாழவில்லை. 1838ஆம் ஆண்டில் அவ்வீட்டை இடித்தபோது செங்கல்லுக்குப் பின்னால் அந்தப் பத்திரம் இருந்தது.